அரை விநாடி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். முதுகுவலி மட்டும் என்னோடு ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணி மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா, இல்லை உனக்கு நினைவுபடுத்துவதோடு சரியா?

போன வாரம் போனில் நீ "வே..." என்று தொடங்கியதும் நான் "வேலையா? வேண்டாமா? வேர்க்குதா?" என்று அடுக்கினேன். நீ பேசாமல் போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டாய். வேறு கண்ணாடி வாங்கிவிட்டேன் என்று சொல்ல வந்தாயாம். பள்ளிக்கூடத்தில் உன் திக்குவாய்க்குப் பதிலாக நான் பேசிப் பேசியே 'வக்கீல்' என்று பட்டம் வாங்கினேன். நாற்பத்து நான்கு வயதாகியும் அந்தப் புத்தி போகவில்லை. நல்லவேளை, நமக்குக் கடிதம் இருக்கிறது. காகிதத்தில் உன்னை யாராலும் முந்த முடியாது.

என் வேலை என்ன என்று கேட்டிருந்தாய். கம்ப்யூட்டருக்குள் திரை, மோட்டார், பேட்டரி என்று ஒவ்வொன்றையும் ஓட்டுவதற்கு ஒரு சின்ன நிரல் உண்டு. அதை டிரைவர் என்போம். (அண்ணியிடம் சொல், லைசென்ஸ் தேவையில்லாத டிரைவர்.) இவை எல்லாம் கெர்னல் என்ற ஒரே நடு அறைக்குள் இருக்கின்றன. அந்த அறைக்குள் வந்துவிட்டால் யாரும் எதையும் தொடலாம். திரையின் டிரைவர் கை தவறி மோட்டாரைத் தட்டிவிட்டாலும் கேட்பாரில்லை. இதற்கு ஒரு ஒழுங்கு கொண்டுவருவதுதான் என் வேலை. எதைத் தொடப்போகிறோம் என்று ஒவ்வொரு டிரைவரும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காததைத் தொட்டால் கெர்னல் தடுத்துவிடும். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று நரம்புக்குள் துளித்துளியாக மருந்து தள்ளும் கருவியில்தான் முதலில் இது போகப்போகிறது. செப்டம்பரில்.

ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்தக் கருவியில் திரையும் மருந்தைத் தள்ளும் மோட்டாரும் ஓடுவது ஒரே மின் துடிப்பில்தான், கடிகாரத்தின் டிக்-டிக் மாதிரி. அது நின்றால் இரண்டும் நிற்கும். பேட்டரியை மிச்சப்படுத்த, யாருக்கும் தேவையில்லாத நேரத்தில் துடிப்பை நிறுத்துவோம். தேவையில்லை என்பதை எண்ணிக்கை வைத்துத் தெரிந்துகொள்கிறோம். வேண்டும் என்பவர் ஒன்று கூட்டுவார், வேலை முடிந்தால் ஒன்று கழிப்பார். போன மாதச் சோதனையில் திரையின் டிரைவர் தப்பாக இரண்டு முறை கழித்துவிட்டது. மோட்டாரின் பங்கையும் சேர்த்து! எண் பூஜ்யமானது, மோட்டார் பாதியில் நின்றது.

நீ தினமும் இயந்திரத்துக்குள் கையை விடுகிறவன். உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே யாரும் ஸ்விட்சைப் போட்டுவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் வக்கீல்

*

பிப்ரவரி 24

அன்புள்ள வக்கீலுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். முழங்கால் என்னைவிடச் சரளமாகப் பேசுகிறது, படியேறும்போது மட்டும். அண்ணி மாத்திரை சாப்பிடுகிறாள். அட்டவணையை ஒட்டியவன் நான், மேற்பார்வை அவள்.

நாற்பது அட்டைப்பெட்டி ஒரு நிமிஷத்தில் விழுகிற லைன் எங்களுடையது. உருளைக்குள் கை போனால் அட்டைக்கும் கைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அதனால் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் ஒரு இரும்புக் கொண்டியை மாட்டுவோம். கொண்டியில் ஆறு ஓட்டை. உள்ளே போகிற ஒவ்வொரு ஃபிட்டரும் தன் சொந்தப் பூட்டை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பூட்டின் மேல் அவன் போட்டோ ஒட்டியிருக்கும். சாவி அவன் பாக்கெட்டில். வெளியே வந்ததும் அவனவன் பூட்டை அவனவன் எடுப்பான். கடைசிப் பூட்டு போகிற வரை ஸ்விட்ச் அசையாது.

உன் எண்ணிக்கையில் என்ன கோளாறு என்றால், மூன்று என்ற எண்ணுக்கு முகம் கிடையாது. எங்கள் கொண்டியில் மூன்று பூட்டு தொங்கினால் மூன்று முகம் தொங்கும். என் போட்டோவில் நான் திருடனைப் போல இருக்கிறேன். அதனால் யாரும் தொடுவதில்லை.

உன் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 6

அன்புள்ள அண்ணா,

நலம் விசாரிப்பை அடுத்த கடிதத்தில் இரட்டிப்பாகத் தருகிறேன். முதலில் நன்றி! 'எண்ணுக்கு முகம் கிடையாது' என்பதைப் படித்ததும் பஸ்ஸில் எழுந்தே நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் நான் இறங்கப்போகிறேன் என்று நினைத்து வழி விட்டார்.

எண்ணிக்கையைத் தூக்கிவிட்டேன். இனி ஒவ்வொரு டிரைவரும் துடிப்பின் மேல் தன் பெயருள்ள பூட்டைப் போடும். போட்ட டிரைவர்தான் அதை எடுக்கலாம். உங்களுக்கு ஓடக் கூடாது என்று பூட்டு, எங்களுக்கு நிற்கக் கூடாது என்று பூட்டு. திசைதான் வேறு. திரையின் டிரைவர் ஆயிரம் முறை எடுத்தாலும் மோட்டாரின் பூட்டை இனி அசைக்க முடியாது.

ஆனால் வடிவமைப்பைப் பரிசீலிக்கும் குழு ஒரு கேள்வி கேட்டிருக்கிறது. பூட்டைப் போட்ட டிரைவர் செத்துப்போனால் என்ன செய்வது? சில நிரல்கள் பாதியில் மயங்கி விழுந்துவிடும். பூட்டு அப்படியே தொங்கும், பேட்டரி தீரும். உங்கள் இடத்தில் ஒருவன் பூட்டை எடுக்காமலே வீட்டுக்குப் போய்விட்டால்?

அண்ணிக்கு என் அன்பு.

உன் வக்கீல்

*

மார்ச் 20

அன்புள்ள வக்கீலுக்கு,

சுகம். பஸ்ஸில் எழுந்து நிற்காதே, முதுகுக்கு ஆகாது.

நீ கேட்டது இங்கே நடந்திருக்கிறது. 'அவசரம்' என்று ஒருவன் எங்கள் கூட்டத்தில். சாப்பிடும்போதே கை கழுவுவான். அவன் தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு எடுத்தான், சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே போய்விட்டான். கொண்டியில் அவன் பூட்டு, போட்டோவில் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. முப்பது பேர் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் போர்மேன் வந்தார். எல்லாப் பூட்டையும் திறக்கிற ஒரு சாவி அவரிடம் உண்டு, இடுப்புச் சங்கிலியில். லைன் பக்கம் நின்று, "யாராவது உள்ள இருக்கீங்களா?" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. திறந்தார். லைன் ஓடியது. அவ்வளவுதான். இப்படி ஒரு சாவியை உன் ஆட்களும் வைத்துக்கொள்ளலாமே.

கண் வலித்தால் கண்ணாடியை மாற்று. என்னைப் போல் வருஷக்கணக்கில் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் சுகம்தானே? என் முதுகுகூட இன்று சும்மா இருக்கிறது. சந்தோஷம் அதையும் தொற்றிக்கொண்டதோ என்னவோ.

நேற்று பரிசீலனைக் குழுவின் முன் உன் கதையை அப்படியே சொன்னேன். அவசரத்தின் பல், போர்மேனின் சங்கிலி, எல்லாம். சிரித்துச் சிரித்தே ஒப்புக்கொண்டார்கள். எதற்கெடுத்தாலும் "ஒரு நிமிஷம்" என்று கையைத் தூக்கும் எங்கள் மேலாளர்கூட கையைத் தூக்கவில்லை. வடிவமைப்பில் அதன் பெயரே 'போர்மேன் சாவி' என்று ஆகிவிட்டது. துடிப்பை நிறுத்த வேண்டிய நேரத்தில் ஒரு பூட்டு மட்டும் தொங்கினால், கெர்னல் அந்த டிரைவரைக் கூப்பிட்டுப் பார்க்கும். அரை விநாடிக்குள் பதில் வராவிட்டால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். பூட்டைத் திறந்துவிடும். கம்ப்யூட்டருக்கு அரை விநாடி என்பது நமக்கு ஒரு மதியத் தூக்கம் மாதிரி. உயிரோடு இருப்பவன் அதற்குள் பதில் சொல்லாமல் இருக்க மாட்டான்.

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எனக்கு வராத யோசனை உன்னிடமிருந்து வந்தது. அந்தச் சாவிக்கு நீதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நான் உனக்காகப் பேசியதெல்லாம் போக, இப்போது நீ எனக்காகப் பேசியிருக்கிறாய்.

உடனே பதில் எழுது. உன் போர்மேனுக்கு என் வணக்கம்.

நன்றியுடன்,
உன் வக்கீல்

*

மே 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? என் கடிதம் கிடைத்ததா? ஐந்து வாரமாகிறது. நீ இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததே இல்லை. அண்ணியிடம் போனில் கேட்டால் "லைன்ல வேலை ஜாஸ்தி, எழுதுவார்" என்கிறார். குரல் ஒரு மாதிரி இருந்தது. சளி என்றார்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? உன் கதையைக் கேட்காமலே நாலு பேர் முன் சொன்னது பிடிக்கவில்லையா? எதுவானாலும் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் வக்கீல்

*

மே 19

அன்புள்ள வக்கீலுக்கு,

சுகமாக இருக்கிறேன். கையில் சுளுக்கு. நான் சொல்லச் சொல்ல அண்ணி எழுதுகிறாள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆனால் இவள் முந்துவதில்லை.

உன் மேல் ஒரு கோபமும் இல்லை. ஒன்றே ஒன்று. அந்தச் சாவி வேண்டாம். உன் வடிவமைப்பிலிருந்து அதை எடுத்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

மே 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுளுக்கு குறைந்ததா? டாக்டரிடம் காட்டினாயா? சுளுக்கு எழுத்தைச் சுருக்கும், ஒப்புக்கொள்கிறேன். வேடிக்கைப் பேச்சையும் சேர்த்துச் சுருக்குமா? உன் கடிதத்தில் சிரிக்க ஒரு வரி இல்லை.

சாவியை எடுத்துவிடு என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். அது நான்கு குழுக்கள் கையெழுத்துப் போட்ட பகுதி. கருவி செய்யும் கம்பெனி அதை நம்பித் தேதி குறித்துவிட்டது. இப்போது போய் "எங்க அண்ணன் வேணாம்னு சொல்றான்" என்று நான் நிற்க முடியுமா? யோசனை கொடுத்தவனும் நீதான். காரணம் சொல். காரணம் இல்லாமல் என்னால் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது.

கொஞ்சம் எரிச்சலாக எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள். உன் கையெழுத்தைப் பார்க்காதது என்னமோ செய்கிறது.

உன் வக்கீல்

*

ஜூன் 8

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'காரணம் சொல்' என்ற இடம் வந்ததும் எழுந்து போய் வாசல் குழாயைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குழாயில் ஒரு கோளாறும் இல்லை. அதனால் அவரிடம் சொல்லாமல் நான் எழுதுகிறேன். தபாலில் போட்ட பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

சுளுக்கு இல்லையம்மா. ஏப்ரல் பதினொன்றாம் தேதி அவர் லைனுக்கு அடியில் வேலையாக இருந்தார். தரையெல்லாம் எண்ணெய் என்று தன் கோட்டை விரித்து அதன் மேல் படுத்திருந்தார். மற்றவர்கள் முடித்துவிட்டுப் பூட்டை எடுத்துப் போய்விட்டார்கள். கொண்டியில் அவர் பூட்டு மட்டும். போர்மேன் வந்து கோட்டு மாட்டும் இடத்தைப் பார்த்திருக்கிறார். இவர் கோட்டு அங்கே இல்லை. சரி, பூட்டை மறந்து வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்திருக்கிறார். இருந்தாலும் கூப்பிட்டிருக்கிறார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. "யாராவது உள்ள இருக்கீங்களா?"

இவருக்குக் கேட்டது. 'இருக்கேன்' என்று சொல்ல வாயைத் திறந்தார். 'இ' வரவில்லை.

அந்த 'இ'க்கு எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். வீட்டில், ஒரு அவசரமும் இல்லாத நாளில், மூன்று நான்கு விநாடி. போர்மேன் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. சாவியைப் போட்டுத் திறந்துவிட்டார். உருளை மெதுவாகத்தான் நகர ஆரம்பித்தது. இவர் இடது கையிலிருந்த ஸ்பேனரால் இரும்பில் ஓங்கி அடித்தார். பேக்கிங்கில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு அந்தச் சத்தம் சரியாகப் படவில்லை. ஓடிவந்து நிறுத்துகிற கயிற்றை இழுத்தாள். அவளை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மீதி எல்லாம் இருக்கிறது. ஆள் இருக்கிறார். அது போதும் எனக்கு.

உன் கடிதம் அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் வந்திருந்தது. கோட்டுப் பாக்கெட்டில் வைத்திருந்தார். எண்ணெய்க் கறையோடு இப்போதும் இருக்கிறது. உனக்குச் சொல்லலாம் என்றேன். "அவ இவ்ளோ சந்தோஷமா இருக்கா, அதுல போய் கை வைக்கணுமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வக்கீல் பக்கத்துல இல்லாம போயிட்டோமேன்னு காலம்பூரா நெனைப்பா" என்றார். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு எத்தனை நேரமானது என்பதை உன்னிடம் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தச் சாவி ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறது என்று தூக்கம் வராமல் புரள்கிறார். இனி நீயாச்சு, அவராச்சு.

அன்புடன்,
அண்ணி

*

ஜூன் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் வீட்டிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். காயம் ஆறிய இடத்தில் அரிப்பு இருந்தால் சொறியாதே, டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவு. அண்ணி என் பையில் வைத்துவிட்ட போர்வைக்கு நன்றி சொல். இந்த அலுவலகத்து ஏசிக்கு அது தேவைதான்.

மூன்று நாள் உன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. நீ "வி..." என்றாய். நான் "விரலா? விடுன்னு சொல்றியா?" என்றேன். நீ இடது கையால் மேஜையில் ஓங்கித் தட்டினாய். டம்ளர் உருண்டது. "நா... நானே சொல்றேன்." நாற்பது வருஷத்தில் நீ என்னிடம் குரலை உயர்த்தியது அன்றுதான். பிறகு நிதானமாகச் சொன்னாய்: "வி... விடாம கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பேன்." நான் சொன்ன இரண்டில் ஒன்றுகூட அது இல்லை. இத்தனை வருஷமாக எத்தனை வாக்கியத்தை உன்னிடமிருந்து இப்படி எடுத்திருப்பேன் என்று ரயில் முழுக்க எண்ணிக்கொண்டே வந்தேன்.

வந்த அன்றே எங்கள் சோதனைப் பிரிவில் இருக்கும் பெண்ணிடம் போனேன்.

"மோட்டார் டிரைவரைக் கொல்ல வேணாம். மெதுவாக்கு. வேலை அதிகமா குடுத்து மூச்சு முட்ட வை" என்றேன்.

"செத்த டிரைவருக்குத்தானே மேடம் சாவி? உயிரோட இருக்கறத எதுக்கு டெஸ்ட் பண்ணணும்?"

"திக்கற டிரைவரும் உண்டு. பண்ணிப் பாரேன்."

இரண்டு நாள் ஓடவிட்டாள். ஏறக்குறைய நாலாயிரம் தடவைக்கு ஒரு தடவை, மோட்டாரின் டிரைவர் பதில் சொல்ல அரை விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அது சாகவில்லை. மருந்தைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. பதில் சொல்ல வாய் திறக்கும்போதே என் சாவி பூட்டைத் திறந்துவிட்டது. துடிப்பு நின்றது, மோட்டாரும் நின்றது. திரையும் அதோடு உறைந்து, கடைசியாக எழுதியதையே காட்டிக்கொண்டிருந்தது: மருந்து செல்கிறது.

அந்தப் பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். "மேடம், இது வெளிய போயிருந்தா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் தெரிந்தது.

அடுத்த மாதம் குழுவைத் திரும்பக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். சாவியை எடுத்தே தீருவேன். ஆனால் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. நிஜமாகவே செத்த டிரைவரின் பூட்டை என்ன செய்வது? அதற்கு வழி சொல்லாவிட்டால் நேரத்தை ஐந்து விநாடியாக்கிவிட்டுச் சாவியை வைத்துக்கொள்வார்கள். எவ்வளவு நேரம் வைத்தாலும் அதைவிட மெதுவாக ஒருவன் இருப்பான் என்பதுதான் எனக்குப் பயம். இப்போது உங்கள் ஆலையில் என்ன செய்கிறீர்கள்? மெதுவாக எழுது. அவசரமே இல்லை.

உன் வக்கீல்

*

ஜூலை 16

அன்புள்ள வக்கீல்,

சுகம். இடது கை. எழுத்து கோணல். சிரிக்காதே.

சாவியை உருக்கிவிட்டார்கள். போர்மேனே கேட்டு. பாவம் அவர், என்னைவிட இளைத்துவிட்டார். வாரம் ஒரு முறை வருகிறார், என்னோடு உட்காருகிறார். நல்ல மனிதர். சாவிதான் கெட்டது.

இப்போது முறை: கூப்பிட்டுப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. உள்ளே போய்க் கண்ணால் பார்க்க வேண்டும், இரண்டு பேர். ஆள் இல்லை என்று இயந்திரத்தைப் பார்த்து முடிவு செய். பதிலை வைத்து முடிவு செய்யாதே.

பிறகும் திறப்பதில்லை. பூட்டை அறுப்போம். திறந்த பூட்டு மறுநாள் பழையபடி தொங்கும், யாருக்கும் தெரியாது. அறுத்த பூட்டு எல்லோருக்கும் தெரியும்.

என் பூட்டுதான் அங்கே என் வாய். நான் சொல்ல முடியாததை அது சொல்லிக்கொண்டிருந்தது.

இதை எழுத நாலு நாள். யாரும் முந்தவில்லை. நன்றாக இருந்தது.

உயிரோடு எழுதுகிறேன். நன்றி, அந்தப் பேக்கிங் பெண்ணுக்கு, அண்ணிக்கு, உனக்கு. குழுவில் தைரியமாகப் பேசு.

அண்ணன்

*

ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதுகு சுகம், கண்ணாடி மாற்றிவிட்டேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள், உன்னைக் கேட்க விட்டிருக்கலாம்.

குழு கூடியது. முதலில் சோதனைப் பெண் அந்த உறைந்த திரையைக் காட்டினாள். பிறகு நான் உன் கோணல் எழுத்துக் கடிதத்தை எடுத்து, தேவையான இடத்தை மட்டும் வாசித்தேன்.

"ஒரு நிமிஷம்" என்று மேலாளர் கையைத் தூக்கினார். "சாவி இல்லன்னா, ஒரு டிரைவர் தொங்கிட்டா பேட்டரி போகுமே. எவ்வளவு போகும்?"

"மோசமான நாள்ல பதினோரு நிமிஷம்."

"தேதி?"

"இரண்டு மாசம் தள்ளும்."

"மார்ச்ல நீங்கதான இந்தச் சாவியைக் கொண்டுவந்தீங்க? நாங்க கைகூடத் தட்டினோம்."

"ஆமா சார், நான்தான். தப்பு. அன்னிக்கு எனக்குப் பாதிக் கதைதான் தெரியும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "உங்க அண்ணன் கை இப்போ எப்படி இருக்கு?" என்றார். நான் சொன்னேன். பேனாவை எடுத்தார்.

போர்மேன் சாவி போய்விட்டது, அண்ணா. பதில் வராத டிரைவரைக் கெர்னல் இனி செத்தது என்று எடுத்துக்கொள்ளாது. நேராக மோட்டாரைப் போய்ப் பார்க்கும்: சுழல்கிறதா, மின்சாரம் இழுக்கிறதா என்று. இழுத்தால் பூட்டின் மேல் யாரும் கை வைக்க முடியாது, எத்தனை விநாடியானாலும் சரி. இயந்திரம் நிஜமாகவே அடங்கியிருந்தால் மட்டும் அபாய ஒலி எழுப்பி, அந்த டிரைவரை அதன் பூட்டோடு சேர்த்து அறுத்துவிடும். அறுத்தது பதிவில் நிற்கும், திரையிலும் சிவப்பாக நிற்கும். நேற்று நாற்பதாயிரம் தடவை ஓட்டினோம். மோட்டார் ஒரு தடவைகூடப் பாதியில் நிற்கவில்லை. அந்தப் பெண் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தாள். உன் பங்காக இன்னொன்றும் வாங்கி, அதையும் அவளே குடித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்ததை உனக்கே எழுதுவது வேடிக்கைதான். என் பக்கத்தில் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாதே, அதற்காக எழுதுகிறேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. உங்கள் வீட்டு எண். அண்ணி என்று நினைத்து எடுத்தேன். யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நீயாகப் போன் செய்து எத்தனை வருஷம்!

"அண்ணா? இருக்கியா?" என்றேன்.

"இ..." என்றாய்.

எனக்கு அந்த வார்த்தை தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஈரத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் யாரோ வாளியை நகர்த்தினார்கள். தெருவில் ஒரு சைக்கிள் போனது. துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் காலடியில் சின்னதாக ஒரு குட்டை கட்டியது. நான் எண்ணவில்லை. எண்ணக் கூடாது என்று இருந்தேன்.

"இருக்கேன்" என்றாய்.

அண்ணிக்கு என் அன்பு. பேக்கிங்கில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, நான் பார்க்காத அவள் கைகளுக்கு, என் வணக்கம். எப்போது வேண்டுமானாலும் போன் செய்.

உன் தங்கை